பாம்பன் இரும்புப் பாலம்



1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22ஆம் திகதியைத் திருகோணமலையில் அன்று வாழ்ந்த எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார். அந்தமான் கடலில் சில நாளுக்கு முன்னர் தாழமுக்கமாய்த் தோன்றி, நாளுக்கு நாள் வலுப்பெற்று, மேற்கு நோக்கி ஏறத்தாழ நேர்கோடாகவே நகர்ந்து வந்த சூறாவளி அன்று கிழக்குக் கரையில் ஏறிற்று. மரங்களைச் சாய்த்தும் கூரைகளைப் பறித்தும் அது இந்நாட்டின் வடபாகத்தைக் குறுக்கே கடந்தது. மன்னார்ப் பக்கமாக மீண்டும் கடலில் இறங்கிற்று. அன்றிரவே அது இராமேசுவரத் தீவை எட்டியது. மறுநாட் காலையில் தனுஷ்கோடி என்னும் ஊர் அங்கே இல்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைத்து நின்ற பாம்பன் பாலமோ, தூண்கள் மட்டும் வரிசையாய்த் தலைநீட்டி நிற்க, மேலுடலை இழந்து கிடந்தது.

திருகோணமலையாருக்கு அந்தப் பாலம் அயலானதன்று. இங்குப் புகையிரதம் வந்த 1927ஆம் ஆண்டு முதலாகத் தமிழகம் செல்ல விரும்பிய பயணி கல்லோயா வழியாக மாகோச் சந்திக்குப் போவார். அங்கிருந்து அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னார் துறையை அடைவார். கப்பலேறி ஏறக்குறைய 22 மைல் கடலைத் தாண்டித் தனுஷ்கோடியில் இறங்குவார். அங்கே காத்திருக்கும் வண்டியில் ஏறி அமர்ந்த சிறிது நேரத்தில் இருபுறமும் கடல் தெரியும். யாத்திரை செல்வோர், திருமணத்துக்குப் பட்டெடுக்கச் செல்வோர், கல்லூரியில் சேரச் செல்லும் மாணவர் என அனைவரும் இந்தியப் பெருநிலத்தில் கால்வைக்கு முன்னர் கடந்த வாயில் அதுவே. ஆகவே அந்தப் பாலம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்து மீண்டது, இறுதியில் எதனால் ஓய்ந்தது என்பன நம் நாட்டவரும் அறியத்தக்கவை. புயலால் அழிந்தது என்றே அப்பாலத்தைப் பலர் நினைவிற் கொண்டிருக்கின்றனர். உண்மை அதுவன்று.

முதலில் அது எழுந்த காரணத்தைக் காண்போம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியாவுக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்துத் தூத்துக்குடித் துறை வழியாகவே நடைபெற்றது. அது நெடிய கடற்பயணம். இராமேசுவரத் தீவின் கிழக்கு முனைவரை இருப்புப்பாதை நீளுமாயின், கடலில் செல்லவேண்டிய தூரம் மிகவும் சுருங்கிவிடும். சேது மணற்றிட்டுகளின் மேலேயே பாதையமைத்து இரு நாடுகளையும் இடையறாது இணைக்கும் திட்டமும் வரையப்பட்டதுண்டு. அது தாளோடு நின்றுவிட்டது. நிறைவேறியது பாம்பன் பாலம் மட்டுமே. அது நிறைவேறியிருந்தாலும் வண்டிகள் தொடர்ந்து ஓடியிருக்க மாட்டா. ஏனெனில் இராமேசுவரப் பாதை மீற்றர் அளவுப் பாதை, இலங்கைப் பாதையோ ஐந்தரை அடி அகலப் பாதை.

1911ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 1914 பெப்ரவரி 24ஆம் திகதி பாலம் திறக்கப்பட்டது. பாம்பன் நீரிணை ஆழமற்றது. அடியிற் பாறைத்திட்டு உண்டு. அதன்மேல் தூண்களை எழுப்பி, தூணுக்குத் தூண் இரும்புத் தூலங்களைக் கிடத்தினர். நீளம் 2 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கண்கள் 145, ஒவ்வொன்றும் 40 அடி. இவை தட்டையான தகடுகளைத் தறையாணிகளால் இணைத்துச் செய்த எளிய தூலங்கள். வியப்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. ஆனால் அவை யாவும் ஒரே அளவின, ஒரே அச்சில் வார்த்தாற்போன்றன. இச்சிறிய செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

வியப்பு நடுவிலே இருந்தது. நீரிணையின் ஊடாகக் கப்பல்களும் பாய்மரத் தோணிகளும் சென்றுவர வேண்டும். உயர்ந்த பாலம் கட்டுவதோ பெருஞ்செலவு. எனவே நடுவே 225 அடி அளவுக்கு, வேண்டும்போது திறந்து மூடும் பகுதி ஒன்றை அமைத்தனர். அதன் முறையைக் கண்டவர் சிக்காகோ நகரத்துப் பொறியியலாளரான வில்லியம் ஷெர்சர். தம் கண்டுபிடிப்பு முதன்முதலாகப் பாலமாய் நிமிர்வதைக் காணுமுன்னரே 1893இல் அவர் காலமானார். அவருடைய சகோதரர் அவ்வேலையைத் தொடர்ந்து நடத்தினார். பாம்பனுக்குரிய உறுப்புகளை இங்கிலாந்தின் தீஸ் ஆற்றங்கரையிலுள்ள தோர்னபி என்னும் ஊரில் ஹெட் ரைற்சன் கொம்பனியார் செய்து அனுப்பினர்.

ஷெர்சரின் முறை இதுதான். சாதாரணத் தூக்குப்பாலம் கதவைப்போன்று ஓர் அச்சாணியைச் சுற்றி எழும். அச்சாணியின்மீது முழுப் பாரமும் அழுந்துவதால் உராய்வு மிகும். எழுப்புவதற்குப் பெரும் பலம் தேவைப்படும். ஷெர்சர் அச்சாணியையே நீக்கிவிட்டார். பாலத்தின் ஒவ்வொரு சிறகினது அடிப்பக்கத்தையும் சக்கரத்தின் விளிம்புபோல வளைத்தார். சாய்வு நாற்காலி பின்னோக்கி ஆடும்போது அதன் வளைந்த கால் தரையில் உருளுமல்லவா? அவ்வாறே சிறகும் தண்டவாளத்தின்மேல் பின்னோக்கி உருண்டு, உருளுந்தோறும் மேலெழும். எழுவதோடு கரைப்பக்கமாக விலகவும் செய்யும். சிறகின் பாரத்துக்கு ஈடாகப் பின்புறத்திலே எதிர்ப்பாரம் கட்டப்பட்டிருக்கும். கிணற்றுத் துலாவின் அடியிலே கல்லைக் கட்டுவதும் இதே நோக்கத்துக்குத்தான். பாரம் பாரத்தைச் சமன் செய்துவிட்டால், எஞ்சுவது உருளும்போது ஏற்படும் சிறிய தடையே. ஆகையால் பாம்பனில் நீராவி இயந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. இரு பக்கத்திலும் சில தொழிலாளர் நின்று நெம்புகோல்களைச் சுற்றுவர், பல்சக்கரங்கள் அசையும், அத்தனை பெரிய இரும்புச் சிறகுகள் மெல்ல வானை நோக்கி எழும். நூறாண்டுக்கு மேலாக அது மனிதக் கைகளாலேயே திறக்கப்பட்டும் மூடப்பட்டும் வந்தது.

அச்சிறகுகள் தகட்டுத் தூலங்கள் அல்ல. முக்கோணச் சட்டகங்கள். நான்கு மூங்கில்களை நாற்கோணமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளினால், கட்டு அவிழாமலே அது சாய்ந்துபோகும். மூன்று மூங்கில்களை முக்கோணமாகக் கட்டினால் எப்படித் தள்ளினும் உருமாறாது. ஒரு மூங்கில் முறிந்தாலன்றி அது குலையாது. ஓட்டுக்கூரை வீட்டின் கைமரமும் வளையும் குறுக்குச் சட்டமும் சேர்ந்து நிற்பது இவ்விதியினாலேயே. முக்கோணங்களைத் தொடராக இணைத்தால் குறைந்த இரும்பைக்கொண்டு நீண்ட வெளியைத் தாண்டலாம். ஒவ்வோர் உறுப்பும் ஒன்று இழுவிசையைத் தாங்கும், அல்லது அழுத்தத்தைத் தாங்கும். வேறு வேலை அதற்கில்லை. சட்டகத்தின் சிக்கனம் இங்கேதான் பிறக்கிறது. அதன் ஆபத்தும் இங்கேதான் பிறக்கிறது. வீணான உறுப்பு ஒன்றும் இல்லாத இடத்தில், கைவிடத்தக்க உறுப்பும் ஒன்றும் இல்லை.

இனி 1964 டிசெம்பர் இரவுக்கு வருவோம்.

அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி, நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்துகொண்டு, நள்ளிரவை நெருங்கிய வேளையில் தனுஷ்கோடி நிலையத்துக்குச் சிறிது தொலைவில் பேரலையால் மூடப்பட்டது. எவரும் பிழைக்கவில்லை. அவ்வண்டி பாலத்திலிருந்து கடலுள் வீழ்ந்தது என்று இன்றும் சொல்வாரும் எழுதுவாரும் உளர். அது தவறு. பாம்பன் நிலையம் தீவின்மேலேயே உள்ளது. வண்டி பாலத்துக்கு எதிர்த்திசையிலே, மணற்றிட்டின் வழியாகச் சென்றுகொண்டிருந்தபோதே அழிந்தது. பாலத்துக்கு நேர்ந்தது தனிக் கதை.

அலை பாலத்தின் தூலங்களைப் பக்கவாட்டில் தாக்கிற்று, அடியிலிருந்தும் தூக்கிற்று. புகையிரதத் தூலம் ஒன்று மேலிருந்து கீழ்நோக்கி வரும் பாரத்துக்காகச் செய்யப்படுவது. தன் கனத்தினாலேயே அது தூணின்மேல் பெரிதும் அமர்ந்திருக்கிறது. கடல் அதனைக் கீழிருந்து மேலே தூக்குமானால், அக்கனத்தில் ஒரு பங்கை நீரே ஏந்திக்கொள்ளும். பக்கத் தள்ளுகைக்கு எஞ்சிய பிடிப்புப் போதாது. தகட்டுத் தூலத்தின் அகன்ற பக்கமோ அலைக்கு எதிரே பலகைபோல் நின்றது. 120க்கு மேற்பட்ட தூலங்கள் புரண்டு கடலில் வீழ்ந்தன. ஆனால் தூண்கள் நின்றன. நடுவிலிருந்த ஷெர்சர் சட்டகமும் நின்றது. நீரும் காற்றும் ஊடுருவிப் போக இடம்விட்ட அந்தக் கனத்த சட்டகத்தைச் சூறாவளியால் பெயர்க்க முடியவில்லை.

இவ்விடத்தில் வேறொரு டிசெம்பர் புயல் நினைவுக்கு வரும். 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி இரவு, ஸ்கொத்லாந்தில் தே ஆற்றின்மேலிருந்த நீண்ட இரும்புப் பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி, புகையிரதம் ஒன்று அதன்மேல் செல்லும்போதே வீழ்ந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தவறியவை, வார்ப்பிரும்பாலான தூண்களும் அவற்றின் பிணைப்புகளும். தூண் தவறினால் பாலத்தைத் திருத்த இயலாது. பக்கத்தில் புதிதாக வேறு தூண்வரிசையை எழுப்பி வேறு பாலமே கட்டவேண்டியதாயிற்று. 1887இல்தான் அது திறக்கப்பட்டது. எனினும் பழைய பாலத்தில் வீழாது நின்ற தூலங்களைப் புதிய பாலத்துக்கு மாற்றிப் பயன்படுத்தினர். பாம்பனில் நிலைமை மறுதலை: கால் உறுதியாய் நின்றது, மேலுடலே போயிற்று.

இராமேசுவரத் தீவுக்கு அக்காலத்தில் வேறு பாலம் இல்லை. வீதிப் பாலம் 1988இலேதான் திறக்கப்பட்டது. பாலம் இல்லாத நீர்க்கரையின் துன்பத்தைத் திருகோணமலை மாவட்டத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, சந்தைக்குப் போனவரும் வைத்தியசாலைக்குப் போனவரும் படகுப் பாதைக்காகக் கரையில் காத்து நின்றனர். அதன்பின்னரும், 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலையில், குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடைபெற்ற காலத்தில் ஆட்களை ஏற்றிச் சென்ற படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் உயிரிழந்தனர். பாலம் ஒன்று எத்தனை நாளில் திருத்தப்படும் என்பது பொறியியலாளரின் கணக்கு மட்டுமன்று என்பதை அந்தக் காலை காட்டியது.

பாம்பனில் அந்தக் கணக்கு முதலில் ஆறு மாதம் என்றிருந்தது. பின்னர் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்னும் 32 வயதுப் பொறியியலாளரிடம் வந்தது. பிற்காலத்தில் கொங்கண் இருப்புப்பாதையாலும் தில்லி நகரப் புகையிரதத்தாலும் புகழ்பெற்றவர் அவரே. புதிய தூலங்களைச் செய்வித்து வரவழைப்பதாயின் பல மாதம் கழிந்துவிடும். இந்நிலையில் கடலுக்குள் தூலங்கள் கிடக்கும் இடங்களைப்பற்றி மீனவர் தகவல் தந்தனர். வலை சிக்குமிடத்தையும் படகு தட்டுமிடத்தையும் அறிந்து தொழில் செய்கின்றவர்கள் அவர்கள்; அலை எடுத்துச் சென்ற இரும்பை அவர்களைவிட நன்றாகத் தேடக்கூடியவர் எவர்? பல தூலங்கள் பாலத்திலிருந்து வெகுதூரம் இழுத்துச் செல்லப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீரிலிருந்து தூக்கி, சீர்படுத்தி, பழைய தூண்களின்மேலேயே மீண்டும் கிடத்தினர்.

தூலங்கள் யாவும் ஒரே அளவின என்று முன்னர்க் கூறப்பட்டதன் பயன் இங்கே தெரியும். எந்தத் தூலம் எந்தக் கண்ணுக்குரியது என்று ஆராயவேண்டியிருக்கவில்லை. எது முதலில் கைக்குக் கிடைத்ததோ அதனை எடுத்து, எந்தக் கண் வெறுமையாயிருந்ததோ அங்கே வைத்தால் பொருந்தும். 40 அடி என்னும் சிறிய அளவும் உதவிற்று. சாதாரணப் பாரந்தூக்கி அதனை ஏந்தும். ஒரே பெரிய அழகிய வளைவாய் அப்பாலத்தை 1911இல் எவராவது வரைந்திருந்தால், 1965இல் அதனை மீட்டிருக்க முடியாது. வேலை 46 நாளில் முடிந்தது. பாலத்தில் மீண்டும் வண்டி ஓடிற்று. தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்ப இடப்படவில்லை. இராமேசுவரமே கடைசி நிலையமாயிற்று. தலைமன்னார்க் கப்பலும் அங்கிருந்து 1984வரை ஓடிற்று.

46 நாட் சாதனையைப் பலரும் கொண்டாடுவர், கொண்டாடத்தக்கதே. ஆனால் அப்பாலத்தின் மெய்யான போர் அந்த 46 நாளிலும் நடந்ததன்று, அந்தப் புயலிரவிலும் நடந்ததன்று. ஒவ்வொரு நாளும் நடந்தது.

உலகத்திலேயே இரும்பை மிக விரைவில் அரிக்கும் இடங்களுள் பாம்பனும் ஒன்று என்பர். காற்று எத்திசையிலிருந்து வீசினும் உப்புத்துளிகளோடு வரும். பகலில் வெயில் நீரை உறிஞ்ச, உப்பு இரும்பின்மேல் படியும். இரவில் ஈரத்தை அது மீண்டும் வாங்கிக்கொள்ளும். தட்டையான தகட்டிலே துரு ஏறினால் சுரண்டலாம், வண்ணம் பூசலாம். சட்டகத்தில் அப்படியன்று. முக்கோணங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டிலும் தகட்டின்மேல் தகடு, அவற்றினூடே தறையாணிகள். இடுக்குகளில் தூரிகை நுழையாது, உப்புநீர் நுழையும். துரு தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பது; ஆதலால் இடுக்கினுள் அது பெருகும்போது தகடுகளை ஆப்புப்போல விலக்கும். விலகிய இடத்தில் மேலும் நீர் புகும். உறுப்புகளோ மெல்லியவை. பருத்த தூலத்தில் ஒரு நூலளவு இரும்பு குறைந்தால் பாதகமில்லை; மெல்லிய உறுப்பொன்றில் அதே அளவு குறைந்தால் அதன் வலிமையிற் கணிசமான பங்கு போய்விடும்.

எனவே அங்கே சுரண்டுவதும் பூசுவதும் ஓயாத வேலையாக இருந்தன. வண்டிகள் நடைவேகத்திற்குச் சற்றே மிஞ்சிய வேகத்தில் ஊர்ந்து சென்றன. காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் வண்டியை நிறுத்தும் காற்றுமானி ஏற்பாடும் இருந்தது. 2007இல் மீற்றர் அளவுப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டபோது, மெல்லிய வண்டிகளுக்காகச் செய்த நடுச் சட்டகம் கனத்த வண்டிகளைச் சுமக்கத்தக்கவாறு வலுப்படுத்தப்பட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய இரும்பின்மேல் புதிய பாரம் ஏற்றப்பட்டது எனலாம். 2013 சனவரியில் கட்டிழந்து மிதந்துவந்த கடற்படைத் தெப்பக்கலம் ஒன்று பாலத்தில் மோதியது, அதனையும் திருத்தினர். தூலம் பழுதானால் வேறு தூலம் உண்டு. தூண் பழுதானால் பூச்சும் கட்டும் உண்டு. ஆனால் ஷெர்சர் சட்டகத்துக்கு மாற்று இல்லை. பாலத்தில் அது ஒன்றே ஒன்று.

2018 டிசெம்பரில் அந்தச் சட்டகத்தின் உறுப்பில் வெடிப்பு ஒன்று காணப்பட்டது. போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2019 பெப்ரவரி இறுதியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. 46 நாளில் நூற்றுக்கு மேற்பட்ட தூலங்களைத் தூக்கி வைத்த அதே பாலம், ஒரு வெடிப்பின் பொருட்டு ஏறக்குறைய மூன்று மாதம் மூடிக் கிடந்தது. இதனைவிட அப்பாலத்தின் இரு பகுதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை. அதன்பின் உணர்கருவிகளைப் பொருத்தி, சட்டகத்தின் அசைவுகளை இடையறாது கவனித்து வந்தனர். 2022 டிசெம்பர் 23ஆம் திகதி, பாதுகாப்புக் கருதி, வண்டிகள் முற்றாக நிறுத்தப்பட்டன. புயல் அடித்த விடியலிலிருந்து எண்ணினால் சரியாக 58 ஆண்டு. புயலுக்குத் தாங்கிய பகுதி எதுவோ, அதுவே உப்புக்குத் தாங்காமல் பாலத்தின் பணியை முடித்துவைத்தது.

பழைய பாலத்தின் பக்கத்திலே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்பிரில் 6ஆம் திகதி திறக்கப்பட்டது. அதிலே சாதாரணக் கண்கள் 99, ஒவ்வொன்றும் 18.3 மீற்றர். கப்பல் செல்லும் இடத்தில் 72.5 மீற்றர் நீளமுள்ள ஒரே சட்டகம். இது சிறகுபோல் விரிவதில்லை. இரு புறத்துக் கோபுரங்களுக்கும் இடையே, கிணற்றில் வாளி எழுவதுபோல, கிடையாகவே 17 மீற்றர் உயரத்துக்கு எழும். எதிர்ப்பாரம் இங்கும் உண்டு. ஆனால் இழுப்பது மின்சாரம். நெம்புகோல் சுற்றுவோர் வேண்டியதில்லை. பழைய பாலத்தைவிட இது 3 மீற்றர் உயரமாகவும் நிற்கிறது; 1964இன் அலையை மனத்திற்கொண்ட எவரும் இதனை வேண்டாம் என்று சொல்லார்.

தறையாணிகளுக்குப் பதிலாக மூட்டுகளைக் காய்ச்சி ஒட்டியுள்ளனர். கொங்கிறீற்றினுள் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளை இட்டுள்ளனர். இரும்பின்மேல் பல ஆண்டு தாங்கத்தக்க புதுவகை வண்ணத்தைப் பல படையாகப் பூசியுள்ளனர். அவ்வளவு செய்தும், திறப்புக்கு முன்னர் 2024 நவம்பரில் பாலத்தைச் சோதித்த இந்தியப் புகையிரதப் பாதுகாப்பு ஆணையாளர் சில குறைகளைச் சுட்டினார். பாலத்தின் வடிவமைப்பைப் பற்றிய வினாக்களோடு, இரும்பின் அரிப்பைத் தடுக்கச் செய்த ஏற்பாடு போதுமா என்ற வினாவும் அவற்றுள் இருந்தது. புகையிரதத் துறையினர் விளக்கம் அளித்தனர். குறைகள் கவனிக்கப்பட்டன என்றனர். வண்டிகளும் ஓடத் தொடங்கின. புதிய பாலத்திலும் நடுச் சட்டகம் ஒன்றே ஒன்றுதான். அதன் மூட்டுகளை ஏறிப் பார்த்து வருவதற்குரிய ஆட்கள் பாம்பன் கரையில் இனியும் வேண்டும்.